காந்தத்தில் ஒட்டும் புரோலின்: விளைச்சல் நிற்கிறது, ஈ.ஈ. மட்டும் விழுகிறது. ஏன்?

குடுவை_மலர்:
மேக்னடைட் (காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு) நானோ துகள், மேலே சிலிக்கா உறை, அதன்மேல் ஏப்டெஸ் (அமீன் தொங்கும் சிலேன்), அதில் சக்சினிக் பாலம் போட்டு ஹைட்ராக்சிபுரோலின் (வினையூக்கியாகும் அமினோ அமிலம், இனி புரோலின் என்கிறேன்). அசிட்டோன், 4-நைட்ரோபென்சால்டிஹைடு ஆல்டால் வினைக்கு (இரண்டையும் கார்பன்-கார்பன் பிணைப்பால் இணைப்பது) பயன்படுத்துகிறேன். வினை முடிந்ததும் குடுவைக்கு வெளியே நியோடிமியம் காந்தத்தை வைத்தால் கறுப்பெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. கரைசலைச் சாய்த்துவிட்டு, துகளை மெத்தனாலில் கழுவி மறுபடி போடுகிறேன். முதல் சுற்றில் விளைச்சல் 81%, ஈ.ஈ. (விளைபொருளின் இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்பது) 70%. ஐந்தாவதில் விளைச்சல் 77%, ஈ.ஈ. 38%! புரோலின் கழன்றால் விளைச்சலும் விழ வேண்டாமா? ஈ.ஈ. அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியின் பிரிப்புக் குழாய்தான் பழசு என்கிறார்கள். முதல் சுற்று மாதிரியை இன்று மறுபடி ஓட்டினேன், அதே 70 வந்தது.

சாய்த்து_வடி:
இரும்பு வெளியே வருகிறதா பாருங்கள். கழுவிய திரவத்தில் இரண்டு சொட்டு நீர்த்த அமிலம், அப்புறம் பொட்டாசியம் தயோசயனேட். ரத்தச் சிவப்பு வந்தால் இரும்பு கசிகிறது.

குடுவை_மலர்:
செய்தேன், சிவக்கவில்லை. முன்பு டி.எஃப்.ஏ. (வலுவான அமிலம்) போட்டு போக் (புரோலினின் நைட்ரஜனை மூடிவைக்கும் காப்புக் குழு) நீக்கியபோதும் இரும்பின் மஞ்சள் கசியவில்லை.

பழைய_ஆய்வகம்:
சரி, உறை நன்றாக இருக்கிறது. முதலில் ஒன்று: 70 மோசமில்லை தங்கச்சி. 2000இல் லிஸ்ட், லெர்னர், பார்பாஸ் இதே வினையைத் தனிப் புரோலினில், டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் செய்தபோது கிடைத்ததே 76%தான்.

விளைச்சல் நின்று ஈ.ஈ. விழுந்தால், வேலையை வேறொருவர் செய்கிறார் என்று அர்த்தம். எனக்குச் சந்தேகம் ஏப்டெஸ் மேல். அதன் அமீன் எல்லாவற்றிலும் புரோலின் ஏறியிருக்காது. மிச்ச அமீன், பக்கத்துச் சிலனாலோடு (சிலிக்கா மேலுள்ள Si–OH) சேர்ந்து இதே ஆல்டாலை நடத்தும். இடம் வலம் பார்க்காது. இன்னொரு பக்கம், நைட்ரோ ஆல்டிஹைடு புரோலினோடு ஆக்சசோலிடினோன் என்ற வளையமாகி, கரியமிலவாயுவை இழந்து அதை நிரந்தரமாகச் சாகடிக்கிறது. நைட்ரஜன் அளவை மட்டும் பார்த்து, புரோலின் அப்படியே இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், செத்த புரோலினிலும் நைட்ரஜன் இருக்கும்.

புரோலின் ஏற்றாத ஏப்டெஸ் துகளை வைத்து ஒரு வினை ஓட்டுங்கள்.

குடுவை_மலர்:
அண்ணா, ஓட்டினேன். விளைச்சல் 64%, ஈ.ஈ. பூஜ்யம்! இதைப் போன வருடமே செய்திருக்க வேண்டும்.

பழைய_ஆய்வகம்:
அடுத்த தொகுதியில் புரோலினை ஏற்றியதும், போக் இருக்கும்போதே அசிட்டிக் அன்ஹைட்ரைடால் மிச்ச அமீனை மூடுங்கள். போக் நீக்கிய பிறகு போட்டால் புரோலினும் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஆல்டிஹைடை மொத்தமாகக் கொட்டாமல் அசிட்டோனுக்குள் மெல்லச் சொட்ட விடுங்கள்.

சாய்த்து_வடி:
எதில் கலக்குகிறீர்கள்? காந்தக் குச்சியிலா?

குடுவை_மலர்:
ஆமாம். பாதித் துகள் குச்சியிலேயே தாடி மாதிரி ஒட்டியிருக்கும்…

சாய்த்து_வடி:
அதை எடுத்துவிட்டு மேலிருந்து சுற்றும் கலக்கியோ, ஷேக்கரோ வையுங்கள். குச்சியைச் சுரண்டும்போதே துகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

குடுவை_மலர்:
ஷேக்கர் பக்கத்து அறையில் இருக்கிறது. நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.