அரபி தெரிந்த வக்கீல் சென்னையில் இருக்கிறாரா? தங்கை மகளின் கஸ்டடி வழக்கு, அவசரம்

பெரம்பூர் தாய்மாமன்:

வணக்கம். என் தங்கைக்காக எழுதுகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் அமீரகத்தில் (UAE) அஜ்மானில் இருந்தாள். போன வருடம் மனக்கசப்பு முற்றிப்போய், மகளைக் கூட்டிக்கொண்டு பெரம்பூருக்கே வந்துவிட்டாள். பாப்பாவுக்கு ஏழு வயது, இங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாப்பிள்ளை அங்கேயே இருக்கிறார். இரு தரப்பும் தமிழ் இந்துக் குடும்பம், கல்யாணம் நடந்ததும் பதிவானதும் சென்னையில்தான்.

நேற்று இரவு அங்குள்ள நீதிமன்றத்திலிருந்து தங்கைக்கு நான்கு பக்கத்தில் ஒரு மின்னஞ்சல். முழுக்க அரபி. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'நர்சரியைக் கைவிடல்' என்று வருகிறது. அங்கே படித்தபோது ஏதாவது ஃபீஸ் பாக்கி வைத்தோமா என்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தோம். தேதி இருக்கும் இடத்தில் ஒரு கோடும் ஒரு வட்டமும் இருக்கின்றன. அது 10 என்றால் நேற்றே முடிந்துவிட்டது. தங்கை காலையிலிருந்து சாப்பிடவில்லை.

டிராவல்ஸ் மூலம் தெரிந்த ஒருவர், அரபி பேசும் வக்கீலைப் பிடித்துத் தருகிறேன், 80,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா? பெயர்களை மறைத்து முதல் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து பாருங்கள்.

திருவல்லிக்கேணி பாய்:

தம்பி, முதலில் தங்கையைச் சாப்பிடச் சொல்லுங்கள். தேதி 10 இல்லை, 15. அரபி எண்களில் ஐந்துதான் வட்டமாக இருக்கும், சைபருக்கு வெறும் புள்ளி. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

நான் மதரசாவில் அரபி படித்து, சவூதியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன். மேலே இருப்பது 'தஃவா', அதாவது வழக்கு; நம் கோர்ட்டில் சொல்லும் தாவாவேதான். அதன் கீழே 'இஸ்காத் ஹளானா' என்று இருக்கிறது. ஹளானா என்பது பிள்ளையைக் கூடவே வைத்து வளர்க்கும் உரிமை. நர்சரிக்கும் அதே சொல்லைச் சொல்வார்கள், உங்கள் போன் அதைப் பிடித்துக்கொண்டது. இஸ்காத் என்றால் விழச் செய்வது, நீக்குவது. அதாவது, தாயிடம் இருக்கும் வளர்ப்புரிமையை நீக்கச் சொல்லித் தந்தை வழக்குப் போட்டிருக்கிறார்.

மற்ற மூன்று பக்கத்தையும் ஒருவர் வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். 'விலாயா' என்று வந்தால் அது வேறு: பாஸ்போர்ட், படிப்பு, சொத்து பற்றி முடிவெடுக்கும் அதிகாரம். 'மன்உ ஸஃபர்' என்று வந்தால் பயணத் தடை. ஹளானாவையும் விலாயாவையும் போன் ஒன்றாகக் குழப்பிவிடும். அந்தக் குழப்பத்தோடு பதில் மனு போட்டால் கேட்காததற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பெரம்பூர் தாய்மாமன்:

பாய், என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தங்கையிடம் படித்துக் காட்டினேன், அழுதுவிட்டாள். ஆனால் அந்த வட்டம் ஐந்து என்றதும் அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மற்றப் பக்கங்களைத் தனியே அனுப்பலாமா?

திருவல்லிக்கேணி பாய்:

அனுப்புங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

பாரிமுனை வழக்கறிஞர்:

குடும்ப நீதிமன்றத்தில் பதினாறு வருடமாக வழக்கு நடத்துகிறேன். ஐயா, நீங்கள் தேடும் ஆளே சற்று மாறிப்போயிருக்கிறார். சென்னை வக்கீலுக்கு எவ்வளவு அரபி தெரிந்தாலும் அமீரக நீதிமன்றத்தில் எழுந்து பேச முடியாது. அங்கே அங்கு பதிவு பெற்ற வழக்கறிஞர்தான் வேண்டும். அங்குள்ளவர் இங்கே வந்து வழக்காடவும் முடியாது, ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. உங்களுக்கு இரண்டு வக்கீல் வேண்டும்: அங்கே ஒருவர், இங்கே ஒருவர். நடுவில் நம்பகமான மொழிபெயர்ப்பாளர். அந்த 80,000-ஐக் கொடுக்காதீர்கள்.

15-ஆம் தேதிக்குள் அங்குள்ள வக்கீலுக்கு, தங்கை சார்பில் பேச உரிமை தரும் அதிகாரப் பத்திரம் போய்ச் சேராது. வெளிநாட்டுப் பத்திரத்தை ஒரே முத்திரையோடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லை. நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்கி, அங்கே போய் மறுபடியும் முத்திரை வாங்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதல் வாய்தாவில் தங்கையே காணொளியில் ஆஜராகி, வக்கீல் வைக்க அவகாசம் கேட்கட்டும். இணைப்பு நோட்டீஸிலேயே இருக்கிறதா என்று பாயிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தனிக் குடும்பச் சட்டம் 2023 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு என்பதுதான் தொடக்கப் புள்ளி. அம்மாவுக்கே என்றும் இல்லை, அப்பாவுக்கே என்றும் இல்லை. தங்கை சொல்லாமல் புறப்பட்டிருந்தால் மாப்பிள்ளை தரப்பு அதைத்தான் பெரிதாக்கும். அங்கே வைக்கும் வக்கீலிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

இங்கே செய்ய வேண்டியது: பாப்பா வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி அதிகாரம். பள்ளி, தடுப்பூசி, மருத்துவர் என்று அவள் இங்கே வாழ்வதைக் காட்டும் காகிதம் அனைத்தையும் ஒரே கோப்பில் சேருங்கள்.

கொளத்தூர்வாசி:

உங்கள் தங்கை திரும்பப் போகப் போவதில்லையே? அந்த நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். அங்கே தீர்ப்பு வந்தால் இங்கே யார் செயல்படுத்துவார்கள்?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

அண்ணா, அப்படி விட்டவள் நான். கத்தாரிலிருந்து வந்தேன், நோட்டீஸைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் இல்லாமலேயே தீர்ப்பு வந்தது. பிறகு அவர் அதைக் கொண்டுவந்து இங்கே நீதிபதி முன்னால் வைத்தார். நான் ஏன் போகவில்லை என்று விளக்குவதிலேயே இரண்டு வருடம் போனது. பிள்ளைகள் என்னிடம்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வருடம் தூக்கமில்லை. உங்கள் தங்கையை ஆஜராகச் சொல்லுங்கள், என்னைப்போல விட்டுவிட வேண்டாம்.

பாரிமுனை வழக்கறிஞர்:

இந்த அம்மா சொல்வது மிகச் சரி. கொளத்தூர்க்காரர் சொல்வதில் பாதி உண்மை. 2020 ஜனவரியில் அமீரகத் தீர்ப்புகளை இங்கே நேரடியாக நிறைவேற்ற வழி திறந்தது, ஆனால் அது பணம் சம்பந்தப்பட்ட தீர்ப்புக்குத்தான், கஸ்டடிக்கு இல்லை. குழந்தையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே என்று நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானாலும் ஆஜராகாமல் வந்த உத்தரவைக் காட்டி, பாப்பாவை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளை ஆட்கொணர்வு மனு போட்டால் உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். தவிர, பாப்பா என்றைக்காவது அந்த நாட்டுக்குப் போனால் பயணத் தடை அங்கே காத்திருக்கலாம்.

செலவு பயமாக இருந்தால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், 15100-ஐ அழைக்கலாம். அமீரகத்தில் துபாயில் உள்ள இந்தியர் உதவி மையத்தில் சட்ட ஆலோசனை உண்டு. அங்கே தெரிந்தவர் யாராவது 800 46342-ஐ அழைத்துப் பேசலாம்.

பெரம்பூர் தாய்மாமன்:

இன்று 16. நேற்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாய் மூன்றாம் பக்கத்தில் காணொளி இணைப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். விலாயா பற்றி எதுவும் இல்லை, ஆனால் பாப்பாவுக்குப் பயணத் தடை கேட்டிருக்கிறார்கள். தங்கை ஆஜரானாள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார், இவள் ஆங்கிலத்தில் பேசினாள். வக்கீல் வைக்க மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். திரையில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். அதிகாரப் பத்திரத்துக்கு நாளை நோட்டரியிடம் போகிறோம். பாய், நீங்கள் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பையே அங்கே தாக்கல் செய்யலாமா?

திருவல்லிக்கேணி பாய்:

வேண்டாம் தம்பி. என்னுடையது நீங்கள் புரிந்துகொள்வதற்கு மட்டும். அங்கே தாக்கல் செய்யும் ஒவ்வொரு தாளையும் அவர்களுடைய நீதி அமைச்சகத்தில் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் அரபியில் ஆக்க வேண்டும். பாப்பாவின் பள்ளிச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். அதில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இன்றே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தால் அங்கே வேறு ஆள் என்பார்கள்.