குதிரைக் காப்பகத்துக்கு நிதி திரட்டல்: பணமாகவா, தீவனமாகவா?

சிங்காநல்லூர்_குடியிருப்பு:
வணக்கம். சவாரிக்கு ஓட்டி, வயதானதும் ஊட்டி ரோட்டில் விடப்பட்ட மட்டக்குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு சிறிய காப்பகத்துக்கு உதவ எங்கள் குடியிருப்புச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. இப்போது அங்கே 20 குதிரைகள். பிப்ரவரியில் உணவுத் திருவிழா வைத்து நிதி திரட்ட எண்ணம். எவ்வளவு இலக்கு வைக்கலாம்? பணம் வேண்டாம், தவிடு, வைக்கோல், ரொட்டி என்று வண்டியேற்றி அனுப்பலாம் என்கிறார்கள் சிலர். குழந்தைகள் பார்க்க இரண்டு குதிரைகளை இங்கே வரவழைக்கலாமா என்ற பேச்சும் இருக்கிறது. பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது?

லாடம்:
இலக்கைத் தீவனத்திலிருந்து தொடங்குங்கள். மட்டக்குதிரை சுமார் 250 கிலோ இருக்கும். உடல் எடையில் 2 சதவீதம் உலர் தீவனம் என்றால் நாளுக்கு 5 கிலோ. காய்ந்த புல்லிலும் ஈரம் உண்டு என்பதால் ஐந்தரை கிலோ. 20 குதிரைக்கு மாதம் 3.3 டன். மிதித்து வீணாவதையும் சேர்த்தால் 3.6 டன் என்று வையுங்கள். காப்பகம் புல் வாங்கும் விலையைக் கேட்டு இதோடு பெருக்கினால் மாதச் செலவு வந்துவிடும். டிசம்பர் முதல் பனி புல்லைக் கருக்கிவிடும், மழை வரும்வரை மேய்ச்சல் கிடையாது. பணம் அதிகம் தேவைப்படும் காலம் அதுதான். பிப்ரவரியில் வசூலித்து மார்ச்சில் கொடுத்தால் பாதி வறட்சி முடிந்திருக்கும். முடிந்தால் நவம்பருக்கு மாற்றுங்கள், புல்லும் அப்போது மலிவு.

பலர் மறப்பது குளம்பு. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு லாடம் வேண்டாம், ஆனால் சீவாமல் விட்டால் முன்பக்கம் நீண்டு, நடையே கோணிப்போகும். 20 குதிரை என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 150 முறை. இதோடு வருடம் ஒருமுறை பல்லுக்கு அரம் போடுவது, டெட்டனஸ் ஊசி, சாணப் பரிசோதனை பார்த்துக் குடற்புழு மருந்து. கிழட்டுக் குதிரை இளைப்பதற்குப் பாதி நேரம் பல்தான் காரணம்: ஓரம் கூராகி, மென்ற புல்லை உருட்டி வெளியே துப்பிவிடும். தொட்டிக்கு அடியில் அந்தப் புல் உருண்டைகள் கிடக்கும்.

மலைக்கால்நடை:
தீவன வண்டி வேண்டவே வேண்டாம் ஐயா. நல்ல மனசோடு அனுப்புவதே குதிரையைக் கொன்றுவிடலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ரொட்டியும் பூஞ்சை பிடித்த வைக்கோலும் வயிற்றில் அடைத்தால் சூலை வலி வரும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே பிரதானமாகப் போட்டால் எலும்பிலிருந்து கால்சியம் உறிஞ்சப்பட்டு முகம் வீங்கும். கோ-4 போன்ற நேப்பியர் புல்லில் உள்ள ஆக்ஸலேட்டும் இதே கெடுதலைச் செய்யும், ஆகவே அதோடு குதிரைமசால் (லூசர்ன் என்னும் பசுந்தீவனம்) சேர்க்க வேண்டும். கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் எதையும் அனுப்பாதீர்கள். சிலவற்றில் கலக்கப்படும் மொனென்சின் கோழிக்கு மருந்து, குதிரையின் இதயத்துக்கு நஞ்சு.

எலும்பும் தோலுமாக வரும் குதிரைக்கு முதல் பத்து நாள்தான் கண்டம். பாவம் என்று கொள்ளுத் தானியத்தைக் குவித்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து, மூன்று முதல் ஐந்து நாளில் இறந்துவிடக்கூடும். குதிரைமசாலை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுத்து, பத்து நாளில்தான் முழு அளவுக்குக் கொண்டுவரலாம். அதற்கு ராத்திரியிலும் ஓர் ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு யாரும் நன்கொடை தருவதில்லை. உங்கள் பட்டியலில் அதை முதல் வரியாகப் போடுங்கள்.

குதிரையை வரவழைப்பதும் வேண்டாம். மலைப்பாதையில் லாரியில் நின்றபடி வருவது வயதான மூட்டுகளுக்குத் தண்டனை. தவிர, புதிதாக மீட்கப்பட்டவற்றைத் தனியே கட்டி, கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை முடியும்வரை வெளியே விடக்கூடாது. அது மனிதருக்கும் தொற்றும். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் அதற்கான பரிசோதனை உண்டு.

வரவுசெலவு:
பணம் நேராகக் காப்பகத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். சங்கக் கணக்கில் வாங்கி மொத்தமாக அனுப்பினால் 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற உதவும் ரசீது) சங்கத்தின் பெயரில்தான் வரும், வீட்டுக்காரர்களுக்கு வராது. முதலில் காப்பகத்துக்கு 80ஜி பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுப்பவரின் பான் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை; பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே சலுகை என்பதையும் சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வரும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் சிக்கலில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தந்தால் அது வெளிநாட்டு நிதி. காப்பகத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் அதற்கான டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது.

துண்டறிக்கையில் ‘அறுவைச் சிகிச்சைக்கு’ என்று போடாதீர்கள். அந்த நோக்கத்துக்கு வாங்கிய பணத்தைப் புல்லுக்குச் செலவழித்தால் கணக்குத் தணிக்கையில் மாட்டும். ‘பொதுப் பராமரிப்புக்கு’ என்று போடுங்கள். ஒரே நாள் வசூலைவிட, 40 வீடுகள் மாதந்தோறும் தானாகப் பிடித்தமாகும்படி ஒரு வருடத்துக்குக் கொடுத்தால் காப்பகம் துணிந்து புல்லுக்கு முன்பணம் கட்ட முடியும்.

சிங்காநல்லூர்_குடியிருப்பு:
மிக்க நன்றி. தீவன வண்டியையும் குதிரை வரவழைப்பதையும் விட்டுவிடுகிறோம். குதிரைச் சாணத்தை உரமாக்கி இங்கே மாடித்தோட்டக்காரர்களுக்கு விற்று அந்தப் பணத்தையும் சேர்க்கலாமா?

லாடம்:
தாராளமாக. ஆனால் பச்சையாக விற்காதீர்கள், களைவிதை அப்படியே முளைக்கும். இடுப்பளவுக்குக் குறையாமல் குவித்து, பிழிந்தால் ஒட்டும் அளவுக்கு ஈரம் வைத்து, உள்ளே 55 டிகிரி செல்சியஸ் மூன்று நாளாவது நிற்க வேண்டும். வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டி, மறுபடி சூடேற விடுங்கள். சூடு ஏறவில்லையென்றால் குவியல் சிறிதாக இருக்கும் அல்லது காய்ந்திருக்கும். மண் வாசனை வந்தபின் ஒரு தொட்டியில் கீரை விதை போட்டுப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் மூட்டை கட்டலாம். சாணத்தில் டெட்டனஸ் கிருமி இருக்கும், கையுறை போடாமல் அள்ள விடாதீர்கள்.