'செயலற்ற நிலை' வேண்டாம், 'ஏடுகட்டல்' என்போம்

அன்புள்ள கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அலுமினியம், குரோமியம் போன்ற உலோகங்களின் மேல் ஆக்சைடு படலம் தானாகவே படிந்து, மேற்கொண்டு அரிமானம் (உலோகம் அரிக்கப்படுதல்) நேராமல் காக்கிறது. ஆங்கிலத்தில் passivation எனப்படும் இந்நிகழ்வுக்குத் தமிழில் இதுவரை 'செயலற்ற நிலை', 'முடக்கம்', 'மந்தமாதல்' என்று மூன்று சொற்கள் குழுவில் வந்திருக்கின்றன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றுமே உலோகத்தின் மேல் பழி போடுகின்றன. படலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எந்த உலோகம் எதைவிட எளிதில் வினைபுரியும் என்று காட்டும் வினைதிறன் வரிசையை வகுப்பில் நடத்தும்போதே இந்தச் சிக்கல் தலைகாட்டுகிறது. கோபி, சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தைக் கரைசலிலிருந்து வெளியேற்றும் இடப்பெயர்ச்சி வினையை வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கரைத்துத் தென்னைக்கும் பாக்குக்கும் பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை தயாரிக்கும்போது, தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பது வழக்கம். கத்தியில் செந்நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இரும்பு கரைசலுக்குள் போகிறது, துத்தத்திலிருந்த தாமிரம் வெளியே வந்து ஒட்டுகிறது.

அப்படியானால் வரிசையில் இரும்புக்கும் மேலே நிற்கும் அலுமினியத்தைத் துத்தக் கரைசலில் இட்டால் தாமிரம் இன்னும் விரைவாகப் படிய வேண்டும் அல்லவா? படிவதில்லை. நெடுநேரம் கழித்துப் பார்த்தாலும் தகடு ஏறக்குறைய அப்படியே கிடக்கும். 'அலுமினியம் செயலற்ற நிலையில் இருக்கிறது' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால், மாணவர் ஒன்று வரிசையையே சந்தேகிப்பார், இல்லையென்றால் அலுமினியத்தைத் தங்கத்தோடு சேர்த்துவிடுவார். இப்போது அதே கரைசலில் ஒரு கரண்டி சமையல் உப்பைப் போடுங்கள். தகடு சிவக்கும், குமிழிகள் எழும், முகவை (பீக்கர்) சுடும், நீலம் வெளுத்துக்கொண்டே போகும். உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் படலத்தைப் பிளந்துவிட்டன. உலோகத்தின் வினைதிறன் எங்கும் போய்விடவில்லை. கரைசலால் அதைத் தொட முடியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

செயலற்ற நிலை என்பது உலகம் முழுவதும் ஏற்ற பெயரின் நேர்ப்பொருள் என்று கோவைப் பொறியாளர் ஐயா எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் பிறந்த காலத்தை நினைக்க வேண்டும். 1836-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து வேதியியலர் ஷோன்பைன், அடர் நைட்ரிக் அமிலத்தில் நனைத்த இரும்பு அதன்பின் துத்தக் கரைசலிலிருந்து தாமிரத்தை வெளியேற்றாமல் இருப்பதைக் கண்டு ஆங்கில அறிவியலர் ஃபாரடேக்கு எழுதினார். இரும்பின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கலாம் என்று ஃபாரடே கருதினார். அன்று அந்தப் படலத்தை யாராலும் பார்க்க முடியவில்லை. ஆகவே வெளியே தெரிந்த நடத்தைக்குப் பெயர் வைத்தார்கள். இன்று அலுமினியத்தின் மேலுள்ள படலம் சில நானோமீட்டர் தடிப்புடையது என்பது வரை நமக்குத் தெரியும். காரணம் தெரிந்த பிறகு பெயர் வைக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

என் பரிந்துரை 'ஏடுகட்டல்'. காய்ச்சிய பால் ஏடு கட்டுகிறது என்று நம் வீடுகளில் சொல்கிறோம். பாலின் மேற்பரப்பிலேயே, பாலிலிருந்தே உண்டாகி, அதை மூடி நிற்பது ஏடு. உலோகத்தின் மேல் நடப்பதும் இதுவே. வெளியிலிருந்து பூசும் வண்ணத்துக்கும் துத்தநாக முலாமுக்கும் இச்சொல் பொருந்தாது என்பது அதன் பலம். வினையாகவும் பெயராகவும் தடையின்றி வரும்: 'அலுமினியம் காற்றில் ஏடுகட்டுகிறது', 'ஏடுகட்டிய இரும்பு', 'குளோரைடு ஏட்டை உடைக்கிறது', 'அனோடாக்கலில் ஏடு தடிக்கிறது' (அனோடாக்கல் என்பது மின்சாரம் செலுத்திப் படலத்தைத் தடிப்பாக்குவது).

இரும்பின் மேல் வருவது துரு. அனுப்பர்பாளையத்துப் பித்தளைப் பாத்திரத்தில் பச்சையாகப் படிவது களிம்பு. புளி போட்டுத் துலக்கினால் போய்விடும். இவ்விரண்டுக்கும் மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். அலுமினியமும் எவர்சில்வரும் பிந்தி வந்தவை. அவற்றின் மேலுள்ள படலம் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே பெயரில்லாமல் போனது. துரு நுண்துளைகள் நிறைந்தது, உதிர்வது. நீரும் காற்றும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஏடு இறுகப் பற்றிக்கொண்டு வழியை அடைக்கிறது. துரு, களிம்பு, ஏடு என்று மூன்றையும் அருகருகே வைத்தால் அரிமானப் பாடத்தில் பாதி முடிந்தது.

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் தாதுவிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலம் உண்டு. பாக்சைட்டைத் தூய்மைப்படுத்திக் கிடைக்கும் அலுமினாவிலிருந்து (அலுமினியம் ஆக்சைடு) ஆக்சிஜனைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் செலவாகிறது. பிரித்தெடுத்த உலோகம் காற்றைக் கண்டவுடன் மேற்பரப்பில் மட்டும் மறுபடி அலுமினாவாகிறது. சேலம் உருக்காலையின் எவர்சில்வர் தகட்டில் இந்த வேலையைச் செய்வது குரோமியம். உருக்கில் அது குறைந்தது 10.5 விழுக்காடு இருக்க வேண்டும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் ஏடு கீறுகிறது. ஆக்சிஜன் கிடைத்ததும் மீண்டும் கட்டிக்கொள்கிறது. 'செயலற்ற' என்ற சொல்லால் இந்த மறுகட்டலை எப்படிச் சொல்வது?

ஏடு என்றால் நாளேடு, பதிவேடு என்று பொருள் மயங்காதா என்று ஈரோட்டு அம்மா கேட்டிருந்தார். அந்த அச்சத்தால்தான் படலத்துக்குக் 'காப்பேடு' என்று வைக்காமல் விட்டேன். அது அலுவலகக் கோப்பு போல ஒலிக்கிறது. 'ஏடுகட்டல்' என்று வினையோடு சேர்ந்து வரும்போது மயக்கம் வராது. மற்றொரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் சில்லுத் துறையில் ஹைட்ரஜன் அணுக்களைக் கொண்டு மேற்பரப்பின் தொங்கும் பிணைப்புகளை (இணை அணு இல்லாமல் நிற்கும் பிணைப்புகளை) நிரப்புவதையும் ஆங்கிலத்தில் இதே பெயரால் அழைக்கிறார்கள். அங்கே ஏடு எதுவும் இல்லை. அதற்கு வேறு சொல் தேடலாம். பள்ளி வேதியியலை அதற்காகக் காக்க வைக்க வேண்டாம்.

ஏடு ஓரிடத்தில் மட்டும் உடைந்து, அங்கே ஆழமாகக் குழி விழும் அரிமானத்துக்குக் 'குழியரிப்பு' என்று எழுதலாமா? புளிக்குழம்பையும் ஊறுகாயையும் அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லும் பாடத்தில் இச்சொல் உடனே தேவைப்படுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.