ஸ்கெட்ச் புக் 9ம் பக்கத்தை தாண்ட மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

குத்தாலத்தான்

எல்லாருக்கும் வணக்கம். ஊரு மாயவரம் பக்கத்து குத்தாலம், வேலை தஞ்சாவூர்ல, டெய்லி பாசஞ்சர்ல போயிட்டு வர்ற ஆளு. ஸ்கூல்ல பயாலஜி ரெக்கார்டுல தவளை, ஹார்ட், கிட்னி எல்லாம் பாதி கிளாசுக்கு நான்தான் வரைஞ்சு குடுத்தேன், அதுக்கப்புறம் காலேஜ், வேலை, கல்யாணம்னு 15 வருஷம் பென்சிலே தொடல. இப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னு ஆசை. ஒவ்வொரு ஜனவரிக்கும் ஒரு புது ஸ்கெட்ச் புக் வாங்குறேன், மூணு சேந்துடுச்சு, மூணுமே எட்டு ஒன்பது பக்கத்தோட நிக்குது. போன அக்டோபர்ல இன்க்டோபர் ட்ரை பண்ணேன், 31 நாளும் இங்க்ல வரையணும்ல, தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு போனதுல ரெண்டு நாள் போச்சு, அதோட மொத்தமும் போச்சு. 21 நாள் விடாம செஞ்சா பழக்கம் ஆயிடும்ங்கறாங்க, எனக்கு அந்த 21ஏ வர மாட்டேங்குது. வீட்டுக்கு வர ராத்திரி எட்டு ஆயிடும், பொண்ணு ஹோம்வொர்க், சாப்பாடு, அப்புறம் எங்க வரையிறது. உருப்படியா ஒரு வழி சொல்லுங்க.

மளிகைக்கடை

மொதல்ல அந்த மூணு நோட்டையும் பீரோல வச்சு பூட்டுங்க சார். நல்ல பேப்பர்னு தெரிஞ்சாலே கை நடுங்கும், "இதுல போயி இதையா வரையிறது"ன்னு தோணும், நானும் பட்டிருக்கேன். இப்ப நான் வரையிறது கடையில சரக்கு சீட்டுக்கு பின்னாடி, அஞ்சு ரூபா பால்பாயின்ட் பேனால. பேனான்னா ரப்பர் தேட முடியாது பாருங்க, அதான் அதுல இருக்கற நல்லது. கோடு தப்பா போச்சுன்னா பக்கத்துலயே இன்னொரு கோடு, அவ்ளோதான். தராசு, சாக்கு, கடன் கேக்க வந்துட்டு சொல்ல முடியாம நிக்கிறவர் மூஞ்சின்னு எல்லாம் இருக்கு. பாதி சீட்டு பொட்டலம் மடிச்சே போயிடும், போனா போகுது.

வெட்டாறு

அந்த 21 நாள் கணக்கை நம்பாதீங்க. அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது மூஞ்சி பழக கொறஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதினாரு, அது வாய் வழியா வர வர "கொறஞ்சது" கழண்டு விழுந்துடுச்சு. லண்டன்ல 96 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2009ல வந்துச்சு, அதுல சராசரியா 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் இழுக்கும்னு கணக்கு வந்துது. நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலன்னும் அதுலயே இருக்கு. அதனால தீபாவளிக்கு விட்டது தப்பே இல்ல, மூணாம் நாள் திரும்ப எடுக்காததுதான் தப்பு. இன்னொண்ணு, அவங்க எல்லாரும் புதுப் பழக்கத்தை தினமும் நடக்கற ஏதோ ஒண்ணோட கட்டிவச்சாங்க, மதியம் சாப்பிட்டதும் ஒரு பழம்ங்கற மாதிரி. உங்களுக்குத்தான் ரயில் இருக்கே சார்.

சிவா_77

இவ்ளோ யோசிக்கணுமா ப்ரோ. உங்க வீட்டு வாசல்ல தினமும் கோலம் போடறாங்கல்ல, அதான் டிராயிங் ஹேபிட். காலையில எழுந்து நீங்களும் ஒரு கோலம் போடுங்க.

கும்மோணம் மாமி

தம்பி சிவா, 40 வருஷமா கோலம் போடறவ சொல்றேன் கேட்டுக்கோப்பா. அது கைப்பழக்கம், கண்பழக்கம் இல்ல. 15 புள்ளி 8 வரைக்கும் எனக்கு தூக்கத்துல கூட வரும், ஏன்னா நான் எதையும் பாத்து போடல, மனப்பாடம். போன வருஷம் பேத்தி "பாட்டி ஒரு டம்ளர் வரை"ன்னா, எனக்கு வரல! மேல வாய் வட்டமா போட்டேன், ரெண்டு பக்கம் கோடு இழுத்தேன், அடியில நேர் கோடா அடச்சேன், பாத்தா யாரோ கத்தியால வெட்டின மாதிரி இருந்துது. அப்புறம் டபரா டம்ளரை எதுர்ல வச்சுண்டு உத்து பாத்தேன், நாம மேலேந்து பாக்கறோமோல்லியோ, அடி வளைவு வாய் வளைவை விட இன்னும் வட்டமாதான் தெரியறது. 62 வயசு வரைக்கும் தினம் ரெண்டு வேளை கையில பிடிச்ச சாமான் அது. இப்ப காபி ஆறற நேரத்துல தினம் அதே டம்ளர்தான் வரையறேன், வேற ஒண்ணும் இல்ல. என்ன வரையலாம்னு யோசிக்கற வேலையே கிடையாது. சில நாள் காபி ஆறி அவலாயிடும், அது வேற கதை.

பழைய மாணவன்

மாமி சொன்னது நூத்துக்கு நூறு. நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரில படிச்சவன், அங்க எங்க வாத்தியார் அழகா வரையின்னு ஒரு நாளும் சொன்னதில்ல, எண்ணிக்கைதான் கேப்பாரு. பஸ் ஸ்டாண்டுல, மகாமகக் குளத்து படியில, மார்க்கெட்ல உக்காந்து ஆளுங்கள ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணு. மூஞ்சி, விரல் எதுவும் வேணாம், உடம்பு எந்தப் பக்கம் சாயுது, வெயிட் எந்தக் கால்ல நிக்குது, அது மட்டும். முப்பது போட்டா ரெண்டு தேறும்.

குத்தாலத்தான் சார், உங்க வண்டி தாராசுரத்துல நிக்கும்ல, ஒரு ஞாயித்துக்கிழமை அங்க எறங்கி கோயிலுக்கு போங்க. கோபுரத்தை நிமிந்து பாத்து வரைய ஆரம்பிச்சீங்கன்னா மறுபடி 9ம் பக்கம்தான், அதனால குனிஞ்சு அடியில பாருங்க, கையளவு சின்னச் சின்ன சிற்பமா இருக்கும். யானைக்கும் காளைக்கும் ஒரே தலை வச்சு ஒண்ணு செஞ்சிருக்காங்க, ரிஷப குஞ்சரம்னு சொல்லுவாங்க. ஒரு பக்கத்தை கையால மறைச்சா யானை, அந்தாண்ட மறைச்சா காளை. அதை வரைஞ்சு பாத்தாதான் எந்தக் கோடு ரெண்டு மிருகத்துக்கும் பொதுன்னு புரியும், போட்டோ எடுத்தா புரியாது. பென்சில்தான் வேணும்னா 2B போதும், அதை விட மெதுவா, கருப்பா இருக்கற 6B ரயில் ஆட்டத்துல கையெல்லாம் கரியாக்கிடும்.

எங்க காலேஜ்ல படிச்சவர்தான் விகடன்ல கார்ட்டூன் போட்ட கோபுலு சார். பக்கவாதத்துல வலது கை விழுந்தப்புறம் இடது கையால வரைஞ்சாரு. இதை உங்கள திட்டுறதுக்கு சொல்லல, நானே நாலு மாசமா சும்மா இருக்கேன்.

குத்தாலத்தான்

எல்லாருக்கும் நன்றி, லேட்டா வர்றேன். ஒரு மாசம் ஆச்சு. எண்ணிப் பாத்தா 24 வேலை நாள்ல 17 நாள் வரைஞ்சிருக்கேன், ரெண்டு நாள் சீட்டே கெடைக்கல, மத்த அஞ்சு நாள் மொபைல் நோண்டிட்டேன், உண்மைய சொல்லிடறேன். ரூல் ஒண்ணுதான் வச்சேன், வண்டி ஆடுதுறை தாண்டினதும் நோட்டை எடுக்கணும், கும்பகோணத்துல கூட்டம் ஏறினா மூடிடலாம். நோட்டு பொண்ணோட பழைய ரஃப் நோட்டு, முன்பக்கம் அவ கணக்கு, பின்னாடி நான்.

தூங்குற ஆளுங்கதான் பெஸ்ட் மாடல், அசைய மாட்டாங்கன்னு நெனச்சேன். தப்பு. தலை மெதுவா சரிஞ்சுக்கிட்டே இருக்கும், நாம காது போட்டு முடிக்கறதுக்குள்ள தாடை வேற எடத்துல இருக்கு. நேத்து எதுர்ல ஒரு பெரியவர், கும்பகோணத்துல ஏறுன வாழைத்தார் வியாபாரி, தார் மேல கைய போட்டுக்கிட்டு அசந்து தூங்கினாரு. அந்தக் கை எவ்ளோ பெருசுன்னு வரையிறப்பதான் தெரிஞ்சுது, மூஞ்சி அளவுக்கு இருக்கு, நான் எப்பவும் கைய சின்னதா போட்டுருவேன். சுவாமிமலைல முழிச்சுக்கிட்டாரு. என் நோட்டை எட்டிப் பாத்துட்டு "தார்ல ஒரு சீப்பு கொறையுதே தம்பி"ன்னாரு. எண்ணிப் பாத்தேன், ஆமா கொறையுது. அதை சேக்கறதுக்குள்ள பாபநாசம் வந்துடுச்சு, தாரை தூக்கிக்கிட்டு எறங்கிட்டாரு.