அவுட்லுக் நாட்காட்டியில் உள்ள தொடர் சந்திப்புகளை மேக்ரோ மூலம் பட்டியலிடுவது எப்படி?

மேசைக்குறிப்பு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் துறைத் தலைவர் வரும் மார்ச் மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். வாரந்தோறும், மாதந்தோறும் நடக்கும் கூட்டங்களில் பெரும்பாலானவை அவருடைய அவுட்லுக் நாட்காட்டியிலிருந்துதான் அழைப்பாக அனுப்பப்பட்டுள்ளன. புதியவர் பொறுப்பேற்பதற்குள் அந்தத் தொடர் சந்திப்புகள் அனைத்தையும் ஓர் எக்செல் தாளில் தொகுத்துத் தர வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. எந்தக் கூட்டம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த நாள் வரை என்ற விவரங்கள் ஒரு பட்டியலிலும், ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை அவை நடக்கவிருக்கும் தேதிகள் இன்னொரு பட்டியலிலும் இருக்க வேண்டும்.

நாங்கள் பயன்படுத்துவது விண்டோஸில் இயங்கும் பழைய, அதாவது கிளாசிக் அவுட்லுக். நாட்காட்டிக் கோப்புறையில் உள்ள பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொடக்கத் தேதி ஏப்ரல் 1-க்குப் பின் இருந்தால் மட்டும் எழுதும்படி அவுட்லுக்கிலேயே உள்ள நிரல்மொழியான விபிஏவில் ஒரு சிறு மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் நிரல், அமைத்தேன். அது பிழையின்றி ஓடுகிறது; ஆனால் 2021-இல் தொடங்கி இன்றும் திங்கள்தோறும் நடந்துவரும் ஆய்வுக் கூட்டம் பட்டியலில் வரவே இல்லை. இணையத்தில் தேடியபோது ‘இன்க்ளூட் ரிக்கரன்ஸஸ்’ என்ற பண்பை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும் என்று படித்து அதையும் சேர்த்தேன். அதன் பிறகு மேக்ரோ முடிவதே இல்லை. பதிவுகளின் எண்ணிக்கையைக் கேட்டால் 2147483647 என்று காட்டுகிறது. இந்த இரண்டு நிலைகளுக்கும் காரணம் என்ன, சரியான முறை எது என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

நிரல்நேயன் எழுதியது:

வணக்கம். நீங்கள் பார்த்த இரண்டு விளைவுகளுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு தொடர் சந்திப்பு எத்தனை ஆண்டுகள் நீண்டாலும், கோப்புறையில் அவுட்லுக் அதற்கென வைத்திருப்பது ஒரே ஒரு தலைமைப் பதிவு. எந்தக் கிழமை, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, எதுவரை என்ற விதி அதனுள் இருக்கிறது. திரையில் ஒவ்வொரு வாரமும் தெரியும் கட்டங்கள் அந்த விதியிலிருந்து அவ்வப்போது கணக்கிட்டுக் காட்டப்படுபவை. தலைமைப் பதிவின் ‘ஸ்டார்ட்’ பண்பு முதல் கூட்டம் நடந்த தேதியையே தரும். ஆகவே 2021-இல் தொடங்கிய கூட்டம், ஏப்ரலுக்குப் பின் தொடங்குபவை மட்டும் வேண்டும் என்ற நிபந்தனையில் அடிபட்டுப்போவது இயல்பே.

‘இன்க்ளூட் ரிக்கரன்ஸஸ்’ அந்த விதியை விரித்து, ஒவ்வொரு நிகழ்வையும் தனிப் பதிவாகத் தருகிறது. முடிவுத் தேதி இல்லாத ஒரு தொடர் நாட்காட்டியில் இருந்தாலும் போதும், அந்த விரிப்புக்கு எல்லை இல்லாமல் போகிறது. நாமே முடிவுத் தேதி இல்லாமல் எதையும் போடவில்லை என்று நினைத்தாலும், தொடர்புப் பட்டியலில் ஒருவரின் பிறந்தநாளைச் சேர்த்தால் அவுட்லுக் தானாகவே ஆண்டுதோறும் வரும், முடிவில்லாத ஒரு நிகழ்வை நாட்காட்டியில் உருவாக்கிவிடும். நீங்கள் கண்ட 2147483647 என்பது உண்மையான எண்ணிக்கை அன்று. நேர், எதிர் எண்கள் இரண்டையும் கொள்ளும் 32 பிட் முழு எண்ணாகக் குறிக்கக்கூடிய மிகப் பெரிய எண் அது. எனவே இந்த நிலையில் ‘கவுண்ட்’ பண்பை எதற்கும் நம்பக் கூடாது. ஒன்று முதல் அந்த எண் வரை என்று லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்பகுதி, எழுதவும் கூடாது.

தேதிப் பட்டியலுக்கு மூன்று கட்டளைகள் தேவை. அவை வர வேண்டிய வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் ‘சார்ட்’ கட்டளையால் பதிவுகளை ‘ஸ்டார்ட்’ புலத்தின்படி ஏறுவரிசையில் அடுக்க வேண்டும். இறங்குவரிசையிலோ வேறு புலத்தின்படியோ அடுக்கினால் விரிப்பு சரியாக நடக்காது. அதற்கு அடுத்துத்தான் ‘இன்க்ளூட் ரிக்கரன்ஸஸ்’ பண்பை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். அதன் பிறகு ‘ரெஸ்ட்ரிக்ட்’ கட்டளையால் இரு புறமும் தேதி எல்லை வைத்துப் புதிய தொகுப்பு ஒன்றைப் பெற்று, அதை ‘ஃபார் ஈச்’ லூப்பில் படிக்க வேண்டும். இரு எல்லைகளும் இருக்கும்போது லூப் தானாகவே நின்றுவிடும்.

இங்கே பலரையும் அலைக்கழிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்புறையின் ‘ஐட்டம்ஸ்’ பண்பை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அவுட்லுக் புதிய தொகுப்பு ஒன்றைத் தருகிறது. கோப்புறைப் பெயரை எழுதிப் புள்ளி வைத்து, ஒரு வரியில் அடுக்கச் சொல்லி, அடுத்த வரியிலும் அதே போலக் கோப்புறையிலிருந்தே தொடங்கி விரிக்கச் சொன்னால், முதல் வரியில் செய்த அடுக்கம் இரண்டாம் வரியின் தொகுப்புக்குப் போய்ச் சேராது. பிழைச் செய்தியும் வராது. ஆகவே தொடக்கத்திலேயே ‘அவுட்லுக் டாட் ஐட்டம்ஸ்’ வகையில் ஒரு மாறியை (மதிப்பை ஏற்றி வைக்கும் பெயரை) அறிவித்து, தொகுப்பை அதில் ஏற்றிக்கொண்டு, மூன்று வேலைகளையும் அந்த மாறியின் மீதே செய்யுங்கள். அப்படி அறிவித்தால் புள்ளி வைத்தவுடன் பண்புகளின் பெயர்ப் பட்டியல் எடிட்டரில் விரியும்; எழுத்துப்பிழைக்கும் இடமிருக்காது.

வடிகட்டியில் வைக்கும் நிபந்தனையையும் கவனமாக அமைக்க வேண்டும். ‘ஸ்டார்ட்’ ஜூலை 1 நள்ளிரவு 12 மணிக்கு முன்பாகவும், ‘எண்ட்’ ஏப்ரல் 1 நள்ளிரவு 12 மணிக்குப் பின்பாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினால், அந்தக் காலத்துக்குள் சிறிதளவு விழும் நிகழ்வும் விடுபடாது. முழுநாள் நிகழ்வுகள் மறுநாள் நள்ளிரவில் முடிவதாகப் பதிவாவதால், இரண்டாவது நிபந்தனையில் சமக்குறி சேர்த்தால் மார்ச் 31-ஆம் தேதி முழுநாள் நிகழ்வும் உள்ளே வந்துவிடும். தேதியை வடிகட்டிக்குள் உரையாகக் கொடுக்கும்போது விண்டோஸின் வட்டார அமைப்பில் உள்ள குறுந்தேதி வடிவத்திலேயே, நொடிகள் இல்லாமல் தர வேண்டும். நம் ஊர் அமைப்பில் நாள் முதலிலும் மாதம் அடுத்தும் வரும்; அமெரிக்க அமைப்பில் எழுதப்பட்ட மேக்ரோவை அப்படியே எடுத்து ஒட்டினால் 05-04 என்பது ஏப்ரல் 5 ஆகுமா மே 4 ஆகுமா என்ற குழப்பம் வரும். ‘ஃபார்மேட்’ சார்பில் ‘டி’ (d) என்ற ஆங்கில எழுத்தை ஐந்து முறை எழுதினால், அந்தக் கணினியின் குறுந்தேதி வடிவத்தை அது தானே எடுத்துக்கொள்ளும். தேதியைக் கையால் தட்டச்சு செய்யாமல் இம்முறையில் அமைப்பதே நல்லது.

லூப்பின் உள்ளே ‘இஸ் ரிக்கரிங்’ பண்பு ‘ட்ரூ’ ஆக இருக்கும் பதிவுகளை மட்டும் எழுதினால், ஒற்றைச் சந்திப்புகள் விலகி, உங்களுக்கு வேண்டிய தேதிப் பட்டியல் கிடைத்துவிடும்.

கணக்கன்_பணிமனை எழுதியது:

மேலே உள்ள விளக்கத்துடன் முழுவதும் உடன்படுகிறேன். நீங்கள் கேட்ட முதல் பட்டியலைப் பற்றி, அதாவது தொடர்களின் விவரப் பட்டியலைப் பற்றி எழுதுகிறேன். இரண்டையும் ஒரே லூப்பில் எடுக்க முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விவரப் பட்டியலுக்கு விரிப்பே தேவையில்லை. ‘இன்க்ளூட் ரிக்கரன்ஸஸ்’ பண்பைத் தொடாமல், தேதி எல்லையும் வைக்காமல் கோப்புறையைப் படித்தால், தொடருக்கு ஒன்று வீதம் தலைமைப் பதிவுகள் வரும்.

ஒவ்வொரு பதிவிலும் முதலில் ‘இஸ் ரிக்கரிங்’ என்பதைச் சோதித்து, அது ‘ட்ரூ’ என்றால் மட்டுமே ‘கெட் ரிக்கரன்ஸ் பேட்டர்ன்’ அழைக்க வேண்டும். இது வெறும் வேகத்துக்காகச் சொல்வதன்று. ஒற்றைச் சந்திப்பு ஒன்றின் மீது அதை அழைத்தால் அந்தச் சந்திப்பே தொடர் சந்திப்பாக மாறிவிடும். மாறியதைச் சேமித்தும் விட்டால் தலைவரின் நாட்காட்டியில் இல்லாத கூட்டங்கள் முளைத்துவிடும். பிறருடைய நாட்காட்டியில் வேலை செய்யும்போது மேக்ரோவில் ‘சேவ்’ என்ற சொல்லே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழைப்பில் கிடைக்கும் பொருளில் ‘ரிக்கரன்ஸ் டைப்’ ஓர் எண்ணாக வரும். 0 என்றால் நாள்தோறும், 1 என்றால் வாரந்தோறும், 2 என்றால் மாதத்தில் குறிப்பிட்ட தேதியில், 3 என்றால் மாதத்தின் இத்தனையாவது கிழமையில், 5 என்றால் ஆண்டுதோறும் குறிப்பிட்ட தேதியில், 6 என்றால் ஆண்டில் குறிப்பிட்ட மாதத்தின் இத்தனையாவது கிழமையில். 4 என்ற எண் இதில் கிடையாது. ‘இன்டர்வல்’ எத்தனை வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒரு முறை என்பதைச் சொல்லும்.

கிழமைகள் ‘டே ஆஃப் வீக் மாஸ்க்’ என்ற பண்பில் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டிருக்கும். ஞாயிறு 1, திங்கள் 2, செவ்வாய் 4, புதன் 8, வியாழன் 16, வெள்ளி 32, சனி 64. திங்களும் புதனும் நடக்கும் கூட்டத்துக்கு 10 என்றும், திங்கள் முதல் வெள்ளி வரை நடப்பதற்கு 62 என்றும் வரும். ‘அண்ட்’ (And) என்ற சொல்லைக் கொண்டு ஒவ்வொரு கிழமையின் எண்ணுடனும் ஒப்பிட்டு, பூச்சியம் அல்லாத விடை வரும் கிழமைகளின் பெயரைச் சேர்த்துக்கொண்டே போனால் எக்செல் தாளில் படிக்கும்படி இருக்கும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம் என்றால் வகை 3, கிழமை எண் 64, ‘இன்ஸ்டன்ஸ்’ 2 என்று காணலாம். ‘இன்ஸ்டன்ஸ்’ 5 என்றால் கடைசிக் கிழமை.

முடிவுத் தேதியை நேரடியாக ‘பேட்டர்ன் எண்ட் டேட்’ பண்பிலிருந்து எடுக்காமல், முதலில் ‘நோ எண்ட் டேட்’ பண்பைப் பாருங்கள். அது ‘ட்ரூ’ என்றால் தாளில் “முடிவு இல்லை” என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 4500-ஆம் ஆண்டில் முடியும் கூட்டங்கள் உங்கள் பட்டியலில் வந்து நிற்கும்.

நேரம் மாற்றப்பட்ட அல்லது நீக்கப்பட்ட தனி நிகழ்வுகள் ‘எக்ஸெப்ஷன்ஸ்’ தொகுப்பில் இருக்கும். ‘டிலீட்டட்’ பண்பு ‘ட்ரூ’ ஆக உள்ள விதிவிலக்கில் சந்திப்புப் பதிவைத் தொட்டால் மேக்ரோ பிழையுடன் நிற்கும். அங்கே ‘ஒரிஜினல் டேட்’ மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் தேவைக்கு இது அவசியமில்லை என்றே தோன்றுகிறது. விரித்து எடுக்கும் தேதிப் பட்டியலில் மாற்றப்பட்டவை புதிய நேரத்திலேயே வரும், நீக்கப்பட்டவை வராது.

மேசைக்குறிப்பு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தொகுப்பை மாறியில் ஏற்றி, நீங்கள் சொன்ன வரிசையில் எழுதியதும் மேக்ரோ உடனே முடிந்துவிட்டது; திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டம் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒவ்வொரு வாரமும் தாளில் வந்துள்ளது. இதுவரை என் நாட்காட்டிக்கு வந்த அழைப்புகளை வைத்தே சோதித்தேன். தலைவரின் நாட்காட்டியைப் பார்க்கும் உரிமை எனக்கு உண்டு. மேக்ரோவில் அதை எப்படித் திறப்பது? மேலும், அவரே ஏற்பாடு செய்தவற்றையும், பிறர் அழைத்து அவர் கலந்துகொள்பவற்றையும் பிரித்துக் காட்ட வழி உண்டா?

நிரல்நேயன் எழுதியது:

‘கெட் டிஃபால்ட் ஃபோல்டர்’ இருக்கும் இடத்தில் ‘கெட் ஷேர்ட் டிஃபால்ட் ஃபோல்டர்’ என்று மாற்றுங்கள். அதற்கு முன் ‘கிரியேட் ரெசிபியன்ட்’ மூலம் தலைவரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, ‘ரிசால்வ்’ ஆனதா, அதாவது அவுட்லுக் அவரை அடையாளம் கண்டதா என்று சோதித்து, அந்தப் பெறுநரை முதல் மதிப்பாகவும் நாட்காட்டியைக் குறிக்கும் 9 என்ற எண்ணை இரண்டாவதாகவும் தர வேண்டும். மீதி வரிகள் எதுவும் மாற வேண்டியதில்லை.

பிரிப்பதற்கு ‘மீட்டிங் ஸ்டேட்டஸ்’ போதும். 1 என்றால் அந்த நாட்காட்டிக்கு உரியவரே ஏற்பாடு செய்த கூட்டம், 3 என்றால் பிறரிடமிருந்து வந்த அழைப்பு, 0 என்றால் யாரையும் அழைக்காமல் தனக்கெனப் போட்டுக்கொண்ட சந்திப்பு. இந்த எண்ணை ஒரு பத்தியில் எழுதிவிட்டால் எக்செலிலேயே வடிகட்டிக்கொள்ளலாம்.

சிற்றருவி எழுதியது:

இந்த இழையைப் பின்னர் படிப்பவர்களுக்காக இரண்டு செய்திகள். ஒரே ஒரு முறை மட்டும் தேதிப் பட்டியல் தேவைப்படுவோருக்கு மேக்ரோ இல்லாமலும் வழி உண்டு. கிளாசிக் அவுட்லுக்கில் கோப்பு மெனுவில் உள்ள ஏற்றுமதி வசதியால் நாட்காட்டியை எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக எடுக்கும்போது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தொடர்களைத் தனித்தனி நிகழ்வுகளாக விரிக்க வேண்டும் என்று அதுவே கேட்கும். தொடர்களின் விதி மட்டும் போதுமென்றால் நாட்காட்டியைப் பட்டியல் காட்சிக்கு மாற்றி, தொடர் விதி, தொடரின் முடிவு ஆகிய பத்திகளைச் சேர்த்து, அனைத்தையும் தேர்ந்து நகலெடுத்து எக்செலில் ஒட்டலாம். மாதந்தோறும் செய்ய வேண்டிய வேலையாக இருந்தால் மேக்ரோவே மேல்.

விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் விபிஏ மேக்ரோக்கள் இயங்கா. அதற்கு மாறியவர்கள், வேலைகளைத் தானியக்கமாக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான பவர் ஆட்டோமேட்டில் உள்ள நாட்காட்டிக் காட்சியைப் பெறும் செயலையோ, நிரல்கள் வழியே நாட்காட்டித் தரவைப் பெற உதவும் மைக்ரோசாஃப்ட் கிராஃபின் ‘காலண்டர் வியூ’ அழைப்பையோ பயன்படுத்தலாம். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் கொடுத்தால்தான் ‘காலண்டர் வியூ’ வேலை செய்யும். தொடர்களை அது தானே விரித்துத் தரும். ‘ஈவென்ட்ஸ்’ என்ற அழைப்போ தலைமைப் பதிவுகளையே தருகிறது. ஆக, அங்கேயும் இதே இரு வேறு பட்டியல்கள்தாம்.

கணக்கன்_பணிமனை எழுதியது:

பட்டியல் தயாரானதும் ‘மீட்டிங் ஸ்டேட்டஸ்’ 1 ஆகவும் முடிவுத் தேதி இல்லாமலும் உள்ள வரிகளை முதலில் கையில் எடுங்கள் என்று மேசைக்குறிப்பு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவுட்லுக்கில் ஒரு கூட்டத்தின் ஏற்பாட்டாளரை இன்னொருவராக மாற்ற வழியில்லை. தலைவரின் அஞ்சல் கணக்கு மூடப்பட்ட பிறகு அந்தத் தொடர்கள் மற்றவர்களின் நாட்காட்டிகளில் அப்படியே தங்கி, அரங்குகளையும் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே அவர் பணியில் இருக்கும்போதே ஒவ்வொரு தொடருக்கும் மார்ச் 31-ஐ முடிவுத் தேதியாக வைத்து, அழைக்கப்பட்ட அனைவருக்கும் திருத்த அறிவிப்பு அனுப்பச் சொல்லுங்கள். தொடரையே ரத்து செய்தால் நடந்து முடிந்த கூட்டங்களும் நாட்காட்டியிலிருந்து போய்விடும் என்பதால் அது வேண்டாம். ஏப்ரல் முதல் நடக்க வேண்டியவற்றைப் புதியவர் தம் கணக்கிலிருந்து புதிதாக அழைக்கட்டும். கிழமை, நேரம், அரங்கு எல்லாம் உங்கள் தாளில் ஏற்கெனவே இருக்கின்றன.