டிவிக்கு ஸ்டிக் போதுமா, பிளேஸ்டேஷன் வாங்கினால் இரண்டு வேலையும் ஆகுமா?

கோவைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் 2019-இல் வாங்கிய 55 அங்குல 4கே டிவி இருக்கிறது. படத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதன் ஸ்மார்ட் வசதி இப்போது மிகவும் மெதுவாகிவிட்டது, சில செயலிகளுக்குப் புதுப்பிப்பு வருவதே நின்றுவிட்டது. டிவியை மாற்றாமல் வெளியிலிருந்து ஒரு கருவியை இணைத்துக்கொள்ளலாம் என்று பேச்செடுத்ததும் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகி இணையச் செயலிகளைப் பார்க்க உதவும் சிறு கருவியான 4கே ஸ்டிக் ஒன்றை ஐந்தாறாயிரம் ரூபாய்க்குள் வாங்கினால் போதும் என்பது மனைவியின் கருத்து. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகனோ, பிளேஸ்டேஷன் 5 வாங்கினால் நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் எல்லாம் அதிலேயே வரும்போது ஸ்டிக்குக்கு எதற்குத் தனிச் செலவு என்று கேட்கிறான்.

டிவியை அதிகம் பார்ப்பவர் எழுபதைக் கடந்த என் தந்தை. சன் நெக்ஸ்டில் தொடர்கள், யூடியூபில் பழைய பாடல்கள், பட்டிமன்றங்கள் என நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது ஓடும். மகனின் கணக்கு சரிதானா? பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கன்சோல் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்கிறார்களே, அது கவலைப்படும் அளவுக்கு இருக்குமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பவானிக்கரை எழுதியது:

மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்குக் கணக்கு இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இல் விளையாடாமல் படம் மட்டும் பார்த்தாலும் ஏறத்தாழ 50 முதல் 70 வாட் வரை செலவாகும். ஸ்டிக் போன்ற கருவிக்கு மூன்று, நான்கு வாட் போதும். உங்கள் தந்தையின் நான்கு மணி நேரத்தை 60 வாட்டால் பெருக்கி, மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்குப் பார்த்தால் 14 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். ஸ்டிக்கில் அது ஒரு யூனிட்டைக்கூடத் தொடாது. பதினான்கு யூனிட் பெரிய தொகை இல்லைதான். ஆனால் கோடையில் ஏ.சி. ஓடும் வீடு 500 யூனிட் எல்லைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தால், அதைத் தாண்டியவுடன் கட்டணப் படிநிலையே மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். விளையாடும்போது ஆகும் 200 வாட் அளவிலான செலவு தனி. அது விளையாட்டுக்கான செலவு என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மின்சாரத்தைவிட முக்கியமானது செயலி. சன் நெக்ஸ்ட் போன்ற தமிழ்ச் சேவைகள் ஸ்டிக்குகளில் ஓடும் ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி என்னும் இயங்குதளங்களுக்குத் தங்கள் செயலியைத் தருகின்றன. கன்சோல்களில் உலகளாவிய பெரிய சேவைகள் எளிதாகக் கிடைக்கும். மாநில மொழிச் சேவைகளுக்கு அந்த உறுதியைத் தர முடியாது. ஆகவே உங்கள் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயரும் இந்தியக் கணக்கில் அந்தக் கன்சோலின் கடையில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். தந்தை பார்க்கும் ஒரு சேவை அதில் இல்லையென்றாலும் நீங்கள் ஸ்டிக்கை வாங்கத்தான் போகிறீர்கள். அப்போது மகன் சொல்லும் சேமிப்பு காணாமல் போய்விடும்.

இன்னொன்று, கையில் பிடிக்கும் பொருள். கன்சோலின் கன்ட்ரோலர் விளையாடுகிறவனுக்காகச் செய்யப்பட்டது. சோபாவில் வைத்துவிட்டு நகர்ந்தால் ஏதாவது பொத்தான் அழுந்தி பாட்டு நின்றுவிடும். சார்ஜ் இறங்கியிருந்தால் அன்று மாலை பட்டிமன்றம் இல்லை. பிளேஸ்டேஷன் 5-க்கு மீடியா ரிமோட் தனியாக உண்டு, அதற்குத் தனி விலையும் உண்டு. எழுபது வயதுக்காரருக்குத் தேவை நாலைந்து பொத்தான்களும் ஒரு பின்செல்லும் பொத்தானும்தான்.

தட்டுப்பிரியன் எழுதியது:

பவானிக்கரை சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கன்சோலைப் படம் பார்க்கும் கருவியாகக் கருதுவதே வீண் என்ற தொனி தென்படுகிறது, அதை ஏற்க முடியவில்லை. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி தட்டுகளை ஓட்டியது; டிவிடி பிளேயர்கள் விலை அதிகமாக இருந்த அக்காலத்தில் பல வீடுகளுக்குள் அது நுழைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3, டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் ப்ளூரே தட்டுகளுக்கும் அதே உதவியைச் செய்தது. இன்றும் தட்டு இயக்கி உள்ள பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே ப்ளூரே ஓட்டும். எந்த ஸ்டிக்கும் அதைச் செய்யாது.

இணையத்தில் 4கே படம் பார்க்க நெட்ஃப்ளிக்ஸ் நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தைப் பரிந்துரைக்கிறது. 4கே ப்ளூரே தட்டிலோ அது நொடிக்கு 100 மெகாபிட்டையும் தாண்டலாம். இருண்ட காட்சிகளில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியாமல் இருப்பதும், ஒலி சுருக்கப்படாமல் முழுமையாக வருவதும் தட்டின் வலிமை. தமிழ்ப் படங்கள் இப்படித் தட்டில் வருவது அரிது என்பதால், ஆங்கிலப் படங்களைத் தேடிப் பார்ப்பவர் வீட்டில் இல்லையென்றால் இந்த வாதம் உங்களுக்குப் பொருந்தாது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: படத்தின் ஒளியையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி மெருகேற்றும் டால்பி விஷன் பிளேஸ்டேஷன் 5-இல் கிடையாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் செயலிகளில் உண்டு. 4கே ஸ்டிக்குகள் பலவற்றிலும் உண்டு. உங்களுடையது சாம்சங் டிவி என்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவற்றில் டால்பி விஷன் வசதியே இல்லை.

கோவைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டிவி சாம்சங்தான், எனவே அந்தக் கவலை தீர்ந்தது. தட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. நண்பர் ஒருவர் இரண்டாயிரம் ரூபாய்க்குள் 8கே என்று அட்டையில் அச்சிட்ட ஆண்ட்ராய்டு பெட்டிகள் கிடைக்கின்றன, எல்லாச் சேனலும் இலவசமாக வரும் என்கிறார். அதை வாங்கலாமா? மேலும், மகன் பிளேஸ்டேஷனை விடுவதாக இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சில்லுக்கடை எழுதியது:

அந்தப் பெட்டியை வீட்டு வைஃபையில் இணைக்கவே இணைக்காதீர்கள். சான்று பெறாத இத்தகைய பெட்டிகளில் பல, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீங்கு நிரல் ஏற்றப்பட்டு வருவது கண்டறியப்பட்டு, 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. உங்கள் வங்கிச் செயலி ஓடும் அதே வைஃபைக்குள் அது உட்கார்ந்திருக்கும். படத்தின் தரமும் ஏமாற்றம்தான்: படங்களை நகலெடுக்காமல் காக்கும் வைடுவைன் என்னும் பாதுகாப்பு முறையில் உயர்நிலையான எல்1 சான்று இல்லாத கருவிக்குக் கட்டணச் சேவைகள் 4கே தராது, பெரும்பாலும் 480 வரியிலேயே நிறுத்திவிடும். அட்டையில் 8கே என்று அச்சிடுவதற்கு யாருடைய சான்றும் தேவையில்லை.

தந்தைக்கு, பெயர் பெற்ற நிறுவனத்தின் 4கே ஸ்டிக்கையே வாங்குங்கள். வாங்கும்போது சேமிப்பிடத்தைக் கவனியுங்கள். ஃபயர் டிவி ஸ்டிக் 4கே-யில் 8 ஜிபி மட்டுமே உண்டு, இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக மீதி சில செயலிகளிலேயே நிரம்பிவிடும். இரண்டாம் தலைமுறை 4கே மேக்ஸில் 16 ஜிபி இருக்கிறது. ஸ்டிக்கை டிவியின் யூ.எஸ்.பி. துளையில் செருகாமல், உடன் வரும் அடாப்டரில் செருகுங்கள். பல டிவிகளின் யூ.எஸ்.பி. துளை போதிய மின்சாரம் தராததால் ஸ்டிக் அடிக்கடி நின்று நின்று இயங்கும். நெட்ஃப்ளிக்ஸில் 4கே வேண்டுமானால் பிரீமியம் திட்டம் எடுத்திருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மகனுடைய விஷயத்தில், அவன் நிஜமாகவே விளையாடுவான் என்று தெரிந்தால் வாங்கித் தாருங்கள்; ஆனால் அதை விளையாட்டுக் கருவியாகவே கணக்கில் எழுதுங்கள். பெட்டியின் விலையோடு செலவு முடிவதில்லை. புதிய பெரிய விளையாட்டு ஒன்று இந்தியாவில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறது. கட்டண விளையாட்டுகள் பெரும்பாலானவற்றை நண்பர்களுடன் இணையத்தில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் தேவை. நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் பார்ப்பதற்கு அந்தச் சந்தா வேண்டாம். விளையாட்டுகளுக்கு இப்படிச் செலவாவதால்தான், தட்டு இயக்கி இல்லாத டிஜிட்டல் பதிப்பு மலிவு என்று எடுப்பதைவிடத் தட்டு இயக்கி உள்ள பதிப்பை எடுப்பது நல்லது என்பேன். ஆடி முடித்த தட்டை விற்கலாம், பழையதை வாங்கலாம், பள்ளி நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். 2023-இல் வந்த மெலிந்த வடிவத்தில் தட்டு இயக்கியைப் பின்னர் தனியாக வாங்கிப் பொருத்தும் வசதியும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பதற்குப் பெற்றோர் கணக்கிலிருந்து வரம்பு விதிக்க முடியும். பெட்டியைத் திறந்த அன்றே அதைச் செய்துவிடுங்கள், பிறகு செய்தால் வீட்டில் போர் மூளும்.

பவானிக்கரை எழுதியது:

ஒரே ஒரு சேர்க்கை. டிவியின் எச்.டி.எம்.ஐ. துளைகளை இப்போதே எண்ணிப் பாருங்கள். டிஷ் பெட்டி, ஸ்டிக், கன்சோல், சவுண்ட்பார் இருந்தால் அது என நான்கும் சேர்ந்தால் இடம் போதாமல் போகும். டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், ஏ.ஆர்.சி. (ARC) என்று குறிக்கப்பட்ட துளையை சவுண்ட்பாருக்கே விட்டுவிடுங்கள். கன்சோலை மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம், அதன் விசிறிக்குக் காற்று வேண்டும்.