இலங்கையின் சிவனொளிபாதமலை: இரண்டு பேராக ஏறுகிறவர்கள் பற்றிக் கண்டதைப் பகிருங்கள்

மஸ்கெலியா வாசி:
தை மாசம், விடியக்காலை நாலேகால். உச்சி மதிலுக்குக் கீழே ஒரு புருஷன் பொஞ்சாதி, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஜேர்சி. பொஞ்சாதிக்குப் பல் கிடுகிடுன்னு அடிக்குது, உள்ளே போட்ட டீசர்ட் வியர்வையில தொப்பலா நனைஞ்சு முதுகில ஒட்டியிருக்கு. அவங்க பார்க்க வந்த சூரியன் உதிக்க இன்னும் ரெண்டு மணி நேரம். பன்னிரண்டரைக்கே புறப்பட்டிருக்காங்க.

எங்க மஸ்கெலியாப் பக்கத்து நல்லதண்ணிப் பாதை ஏறக்குறைய 7 கிலோமீட்டர், 5,000க்கு மேல படி. நிதானமா ஏறினா மூன்றரை மணி நேரம். தை, மாசியில சூரியன் ஆறரையை ஒட்டித்தான் வரும். ரெண்டு, ரெண்டேகாலுக்குப் புறப்பட்டாப் போதும். சீக்கிரம் போய்ட்டா உச்சிக்கு ஏறாதீங்க. கீழே தேத்தண்ணிக் கடையில காத்திருந்து, கடைசி இருபது நிமிஷத்தை அப்புறம் ஏறுங்க. ஆளுக்கொரு காய்ந்த பனியன் பொலித்தீன் பையில கட்டி எடுத்துப் போங்க, உச்சிக்குப் போனதும் முதல் வேலையா அதை மாத்துங்க. ஈரத் துணிக்கு மேலே எத்தனை ஜேர்சி போட்டாலும் குளிர் விடாது. செருப்பு, சப்பாத்தைக் கழற்றித்தான் மேலே போகணும். சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும், தடித்த காலுறை வேணும்.

வடமராட்சி நடை:
நேரக் கணக்கு சரி அண்ணை, ஆனா போயா எண்டுற பௌர்ணமி நாளுக்கும் சனி ஞாயிறுக்கும் அது உதவாது. கைப்பிடிக் கம்பி தொடங்கிற இடத்தில சனம் அப்பிடியே நிக்கும், ஒரு படி ஏற அஞ்சு நிமிசம். அதில ஒரு சோடி பிரிஞ்சதைப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அவர் முன்னால போயிட்டார், டோர்ச், தண்ணி, காசு, ரெண்டு போனும் அவரின்ர பையில. மனிசி கம்பியைப் பிடிச்சபடி வாறவையின்ர முகத்தை ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு நிக்கிறா. ரெண்டு பேருக்கும் ரெண்டு பை. தலையில கட்டுற டோர்ச் ஆளுக்கொண்டு. மெதுவா நடக்கிறவர்தான் முன்னால. செவ்வாய், புதன் போங்கோ.

கோவை மலையேறி:
சூரியன் வர்றப்போ விழற மலையோட முக்கோண நிழலை யாருமே சொல்லலையே! மலை கூம்பு மாதிரி இருக்கறதாலதான் நிழலும் அவ்வளவு துல்லியமா முக்கோணமா விழுது. நிறைய ஜோடிங்க சூரியனை போட்டோ எடுத்துட்டு அப்படியே இறங்கிடறாங்க. திரும்பி மேற்கே பாருங்க. மூடுபனி மேல நீலமா விழுந்து, சூரியன் ஏற ஏற அடிவாரத்தை நோக்கிச் சுருங்கிட்டே வரும். பார்த்துட்டு இருக்கும்போதே போயிடும்.

மஸ்கெலியா வாசி:
தம்பி, பாக்கச் சொன்னது நல்லது, காரணம்தான் தப்பு. உச்சி தட்டையா இருக்கிற மலையில நின்னு பார்த்தாலும் நிழல் முக்கோணமாத்தான் தெரியும். நிழல் மைல் கணக்குல நீளுது, நாம அது தொடங்குற இடத்துல நிக்கிறோம். ரயில் தண்டவாளம் தூரத்துல ஒண்ணு சேர்ற மாதிரி அதோட ரெண்டு ஓரமும் சேருது, அவ்வளவுதான். கிழக்கே மேகம் இருந்தா நிழலே விழாது.

இரத்தினபுரிப் பாதை:
எல்லாரும் நல்லதண்ணியையே சொல்லுறீங்க. இரத்தினபுரிப் பக்கமிருந்து வாற பலாபத்தலைப் பாதை நீளம்தான், ஆனா காடு காடாவே இருக்கு. அதுல வாற சோடிகள் திணறுறது அட்டையிலதான். ஒருத்தர் காலை மற்றவர் நகத்தால கிள்ளி இழுத்து, ஒரே காலில ஏழெட்டு இடத்துல இரத்தம் வழிஞ்சதைக் கண்டேன். இழுக்கக் கூடாது. அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அது தோலோடு ஒட்டியிருக்கிற இடத்தில நகத்தைப் படுக்கவைத்து பக்கவாட்டில தள்ளுங்க, பிறகு தடித்த முனையையும் அதே மாதிரி. தீக்குச்சியால சுட்டா உள்ளே இருக்கிறதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். இரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளை விடுது, அதனால விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவி அழுத்திப் பிடிங்க. போகுமுன் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள்ளே செருகி, காலுறைக்கு வெளியே சவர்க்காரத்தைத் தண்ணி படாமக் காய்ஞ்சபடியே தேயுங்க. மழையில கரையும், திரும்பவும் தேய்க்கணும். நிக்கிற இடத்திலதான் ஏறும், பாறையில நில்லுங்க, இலைச் சருகில நிக்காதீங்க.

வடமராட்சி நடை:
அட்டையைப் பற்றி ஆர் கேட்டது? நல்லதண்ணிப் படியில வறண்ட நாளில அவ்வளவு இல்லை. முதல்முறை போற சோடியைப் பலாபத்தலைக்கு அனுப்பாதேங்கோ.

கோவை மலையேறி:
சீசன் இல்லாத மாசத்துல போற ஜோடிங்களுக்கும் ஒண்ணு. வெசாக் பௌர்ணமியோட மலையின் காவல் தெய்வமான சமன் சிலை பெல்மதுளைக்கு இறங்கிடும். அதுக்கப்புறம் டிசம்பர் பௌர்ணமி வரைக்கும் பாதையில விளக்கு எரியாது, கடை இருக்காது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி சுமக்கணும். அப்போ பகல்ல ஏறுங்க. காலை ஆறுக்குப் புறப்பட்டா மதியத்துக்குப் பிறகு வர்ற மழைக்கு முன்னாடி இறங்கிடலாம்.

தாதியக்கா:
ஏறுறதையே எல்லாரும் எழுதுறீங்க. நல்லதண்ணிப் பாதையில சீத கங்குலை ஓடைக்குக் கொஞ்சம் மேலே, காலை ஒன்பது மணி, ஒரு இளம் பெண் படியில பின்பக்கமாத் திரும்பி, தவழுற மாதிரி இறங்கினா. முழங்கால் மடங்கவே இல்லை. கணவர் இரண்டு கையையும் பிடிச்சு இழுக்கிறார். இழுத்தா பாரம் முன்னால போய் முழங்காலுக்குத்தான் இன்னும் கேடு.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குது, ஏறுறதை விட அதுக்குத்தான் அடி அதிகம். படிகளும் ஒரே உயரமில்லை. ஒரு முழங்கால் நோகுது என்றால், ஏற நல்ல கால் முதல், இறங்க நோகிற கால் முதல். பக்கவாட்டாத் திரும்பி, கம்பியை இரண்டு கையாலும் பிடிச்சு, ஒரு படியில இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. கூட வாறவர் ஒரு படி கீழே நின்று தோளைக் கொடுக்கணும், கையை இழுக்கக் கூடாது. கம்பி இல்லாத இடத்துக்கு ஊன்றுகோல் ஒன்று இருந்தாலும் போதும், நோகிற காலுக்கு எதிர்க் கையில பிடியுங்கள். நோவு தொடங்கிய உடனேயே இதைச் செய்யணும், கால் நடுங்கின பிறகு செய்தால் பலன் குறைவு. அன்றைக்கே ஹட்டன் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைக்காதீங்க. அந்தப் பெண்ணை அவர் அப்படி இழுத்ததே பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்கத்தான்.